பிரான்ஸா, கொரியாவா, சிங்கப்பூரா: எந்த நாட்டின் பெயர் நம் கரையில் நிற்கிறது?

மஞ்சக்குப்பத்தில் வீடு, புதுச்சேரியில் பிழைப்பு. பிரெஞ்சுப் பத்திரங்களைத் தமிழிலும் தமிழ்ப் பத்திரங்களைப் பிரெஞ்சிலும் பெயர்த்துக் கொடுப்பது என் வேலை, இருபத்திரண்டு வருடமாகிறது. காலையில் பஸ் ஏறினால் பெண்ணையாற்றுப் பாலம், முள்ளோடை, கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம் என்று முக்கால் மணி நேரம். போன மாதம் ஒருநாள் தம்பி மகளும் உடன் வந்தாள். பிளஸ் டூ முடித்திருக்கிறாள். தவளக்குப்பம் தாண்டும்போது கேட்டாள்: "பெரியப்பா, காலேஜோடு சேர்த்து இன்னொரு மொழி படிக்கலாம் என்றிருக்கிறேன். பிரெஞ்சா, கொரியனா?" நான் வாய் திறப்பதற்குள், "அப்பா ரெண்டும் வேண்டாம் என்கிறார். டிகிரி முடித்ததும் சிங்கப்பூர் மாமாவிடம் சொல்லி வைக்கலாமாம்" என்றாள்.

அன்று அவளுக்கு ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. பிறகுதான் யோசித்தேன். ஒரே வீட்டுக்குள் மூன்று நாடுகள் போட்டி போடுகின்றன. ஒன்றுகூட நம்மை மிரட்டவில்லை, பணம் நீட்டவும் இல்லை. மிரட்டாமல், பணம் கொடுக்காமல், ஈர்ப்பினாலேயே அடுத்தவரைத் தன் பக்கம் திருப்புவதற்கு ஜோசப் நை என்ற அமெரிக்க அறிஞர் 1990-ல் வைத்த பெயர் சாஃப்ட் பவர். தமிழில் மென்சக்தி என்கிறோம். சில வருடம் கழித்து, 1996-ல், சோப்புக்கும் காருக்கும் இருப்பதுபோல நாட்டுக்கும் ஒரு பிராண்ட் உண்டு என்று சைமன் ஆன்ஹோல்ட் என்ற ஆங்கிலேயர் சொன்னார். அதைப் பிடித்துக்கொண்டு அரசாங்கங்கள் லோகோவும் வாசகமும் செய்ய ஓடின. விளம்பரம் போட்டு ஒரு நாட்டின் பெயர் மாறியதற்கு ஆதாரம் கிடையாது என்று பிறகு அவரே பலமுறை சொல்ல வேண்டி வந்தது.

அப்படியானால் எதை வைத்து அளப்பது? எத்தனை பேரைத் தொடுகிறது, எவ்வளவு ஆழம் போகிறது, கெட்ட செய்தி வரும்போது தாங்குகிறதா, அப்புறம் முக்கியமாக, பிடித்துப்போய் வாசலுக்கு வருகிறவருக்குக் கதவு திறக்கிறதா. இந்த நாலையும் கையில் வைத்துக்கொண்டு பார்க்கிறேன்.

முதலில் பிரான்ஸ். என் சோறு அங்கிருந்து வருகிறது, அதனால் கொஞ்சம் நீளும். 1674-லிருந்து இருந்தவர்கள் 1954 நவம்பர் 1-ல் நிர்வாகத்தை இந்தியாவிடம் கொடுத்தார்கள். சட்டப்படி எல்லாம் முடிந்தது 1962 ஆகஸ்ட் 16-ல். இந்த இரண்டு தேதிக்கும் நடுவே நடந்ததுதான் எனக்கு வியப்பு. கிளம்புகிற நாடு, கிளம்புகிற ஊரில், 1955 மார்ச் 21-ல் ஒரு ஆராய்ச்சி நிறுவனத்தைத் திறந்தது. அதை இங்கேயே தொடர்ந்து நடத்துவது என்று 1956 ஒப்பந்தத்திலும் எழுதிக்கொண்டார்கள். அதுதான் செயின்ட் லூயி வீதியில் கடலைப் பார்த்து நிற்கும் பிரெஞ்சு நிறுவனம். முதல் இயக்குநர் ழான் ஃபிலியோசா. அடிப்படையில் கண் மருத்துவர். சமஸ்கிருதமும் தமிழும் கற்றவர். அவர் காலத்தில் கோயில்களிலிருந்தும் குருக்கள் வீடுகளிலிருந்தும் சேர்க்கத் தொடங்கிய சைவச் சுவடிகள், துய்மா வீதியில் உள்ள இன்னொரு பிரெஞ்சு ஆய்வு மையத்தின் சுவடிகளோடு சேர்த்து, ஏறத்தாழ 11,000. 2005-ல் யுனெஸ்கோ அவற்றை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. பரிபாடல் முழுவதையும் 1968-ல் பிரெஞ்சில் கொண்டுவந்த பிரான்சுவா குரோவும் இந்த ஊரில் இருந்து வேலை செய்தவர்தான்.

சுவடி காக்கும் வேலையைப் பக்கத்தில் நின்று ஒருமுறை பார்த்திருக்கிறேன். கட்டை அவிழ்த்து, ஓலை ஓலையாகப் பிரித்து, மெல்லிய துணியில் புல்தைலத்தைத் தொட்டு இரண்டு பக்கமும் தடவுகிறார்கள். காய்ந்து விறைத்த ஓலை கொஞ்சம் வளைந்து கொடுக்கிறது. பூச்சி அரித்த ஓட்டையைச் சுற்றி விரல் மெதுவாகப் போகிறது. ஒரு கட்டு முடிய அரை நாள் ஆகும் என்றார் அந்த அம்மா. எலுமிச்சையும் புல்லும் கலந்த அந்த வாசனை, சாயங்காலம் பஸ்ஸில் முள்ளோடை தாண்டும்வரை என் சட்டையில் இருந்தது. பிரான்ஸ் என்றதும் பாரிஸ் கோபுரம் எனக்கு நினைவுக்கு வருவதில்லை, அந்த வாசனைதான் வருகிறது. தன் பெருமையைச் சொல்லாமல், நம் பொருளை நம்மைவிடக் கவனமாகக் காத்த ஒரு நாட்டின் மேல் மரியாதை வரத்தான் செய்யும்.

கல்வியிலும் அதே நீண்ட கணக்கு. லிசே என்கிற பிரெஞ்சுப் பள்ளி 1826-லிருந்து இருக்கிறது. பிரெஞ்சு கற்றுக்கொடுக்கும் அலியான்ஸ் பிரான்சேஸ் பாரிஸில் தொடங்கியது 1883-ல். ஆறு வருடத்தில், 1889-ல், புதுச்சேரிக்கு வந்துவிட்டது. இவ்வளவு பொறுமையாக ஓர் ஊரில் மொழியை நட்டுத் தண்ணீர் ஊற்றிய நாடுகள் அதிகம் இல்லை.

ஆனால் வாசல் குறுகல். என் மேசைக்கு வரும் காகிதங்களில் அது தெரியும். 1956 ஒப்பந்தப்படி, 1962 ஆகஸ்ட் 16-லிருந்து ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம். கொசப்பாளையத்திலிருந்து ஒரு பெண் வந்தார். 1920-களின் பிறப்புப் பதிவு நகல் கையில். சாய்வான பிரெஞ்சு எழுத்து, பழுப்பேறிய மை, தந்தையின் தொழில் 'திஸ்ரான்', அதாவது நெசவாளி. கீழே சாட்சி தமிழில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். தாத்தாவின் பெயரில் 1962 அறிவிப்பு எங்காவது இருக்கிறதா என்று குடும்பமே தேடியிருக்கிறது. இல்லை. தாத்தாவின் அண்ணன் எழுதிக் கொடுத்திருக்கிறார், தாத்தா கொடுக்கவில்லை. அண்ணன் வழிப் பேரப்பிள்ளைகள் பாரிஸ் பக்கம். இவர் கொசப்பாளையத்தில் தையல் கடை. ஒரே வீட்டில் பிறந்த இரண்டு பேருக்குப் பிரான்ஸ் இரண்டு வேறு நாடாகிவிட்டது. அந்த நகலைப் பெயர்த்துக் கொடுத்துவிட்டுக் கூலி வாங்க எனக்கு மனம் வரவில்லை.

ஊருக்குள் இதே பிரிவு உண்டு. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து வந்த சொல்தா வீடுகளுக்குப் பிரான்ஸ் மாதா மாதம் வரும் பென்ஷன். லிசேயில் படித்தவருக்கு அது கல்வி. பாகூரில் நடவு நடுகிறவருக்கு? வார இறுதியில் வொயிட் டவுன் என்கிற பழைய பிரெஞ்சுப் பகுதிக்குப் போகும் கார் வரிசை, அவ்வளவுதான்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஜூலை 14 பிரெஞ்சு தேசிய நாளைக்குக் கடற்கரைச் சாலைப் போர் நினைவுச் சின்னம் விளக்கில் ஜொலிக்கும், பார்க்கக் கூட்டம் வரும். அதே மாதம் 30-ஆம் தேதி இன்னொரு நினைவு நாள். 1936-ல் அந்தத் தேதியில், பிரெஞ்சு ஆட்சியில், சவானா ஆலைத் தொழிலாளர்களைச் சுட்டதில் 12 பேர் இறந்தார்கள். எட்டு மணி நேர வேலை இந்த ஊருக்கு வந்தது, தொழிற்சங்கத் தலைவர் வ. சுப்பையா முன்னின்ற அந்தப் போராட்டத்தின் விலையில். சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்று எழுதிவைத்த நாட்டின் பெயரை அளக்கும்போது இரண்டு தேதிகளையும் சேர்த்துத்தான் அளக்க வேண்டும்.

கதவு இப்போது கொஞ்சம் திறக்கிறது. 2030-க்குள் 30,000 இந்திய மாணவர்கள் என்று 2024 ஜனவரியில் பிரெஞ்சு அதிபர் மக்ரோன் அறிவித்தார். 2018 நவம்பரில்தான் ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்களுக்குக் கட்டணத்தைப் பல மடங்கு ஏற்றுவதாகவும் அவருடைய அரசு அறிவித்தது. பல பல்கலைக்கழகங்கள் அதை அமல்படுத்தாமல் விலக்கு கொடுத்தன. கூப்பிடுகிற குரலும் கட்டண ரசீதும் ஒத்துப்போனால்தான் கூப்பிட்டதற்கு அர்த்தம்.

சரி, கொரியா. இது நேர் எதிர். இங்கே கட்டடம் இல்லை, சுவடி இல்லை, முந்நூறு வருடப் பழக்கம் இல்லை. சென்னையில் 2006 முதல் இன்கோ சென்டர் என்ற இந்திய-கொரியப் பண்பாட்டு மையம் இருக்கிறது, அதற்குமேல் நம் பக்கம் பெரிதாக எதுவும் கிடையாது. ஆனால் தம்பி மகளின் நோட்டில் பெயர் ஹங்குல் என்ற கொரிய எழுத்தில். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. 2010-களில் தமிழ் பேசிக்கொண்டு தொலைக்காட்சியில் வந்த தொடர்களை அவள் அம்மா பார்த்தாள், இவள் போனில் தொடர்கிறாள். அவள் தோழிகளில் பாதிப் பேர் அப்படித்தான். நாணமேட்டிலிருந்து வரும் பெண்ணுக்கும் வில்லியனூர்ப் பெண்ணுக்கும் ஒரே பாட்டு தெரியும். எண்ணிக்கையில் பிரான்ஸ் பக்கத்தில்கூட வர முடியாது.

இது தானாக நடந்ததும் இல்லை, முழுக்கத் திட்டமிட்டு நடந்ததும் இல்லை. 1994-ல் கொரிய அதிபருக்குப் போன ஓர் அறிக்கை, ஹாலிவுட் டைனோசர் படம் ஒன்றின் வருமானம் 15 லட்சம் ஹூண்டாய் கார் விற்பதற்குச் சமம் என்றது. 1997 நிதி நெருக்கடியில் நாடு கடனுக்காக ஐ.எம்.எஃப். என்ற பன்னாட்டு நிதியத்தின் முன் நிற்க வேண்டி வந்தது. 1998-ல் அதிபரான கிம் டே-ஜுங், பண்பாட்டுத் தொழிலுக்குப் பணம் ஒதுக்கினார், மறு வருடமே சட்டம் போட்டார். 'உதவு, தலையிடாதே' என்பது அவர் கொள்கை. பின்னால் வந்த அரசு ஒன்று அதை மீறி, ஆயிரக்கணக்கான கலைஞர்களைக் கறுப்புப் பட்டியலில் வைத்தது. அந்தப் பட்டியலில் இருந்த இயக்குநர் போங் ஜூன்-ஹோதான் 2020-ல் 'பாரசைட்' படத்துக்காகச் சிறந்த படத்துக்கான ஆஸ்கரை வாங்கினார். ஆங்கிலம் அல்லாத படம் ஒன்று அதை வாங்கியது அதுவே முதல் முறை. படம் காட்டியது கொரியாவின் பளபளப்பை இல்லை. தரைக்குக் கீழே பாதி புதைந்த வீட்டில் வாழும் ஏழைக் குடும்பத்தை. தன் குறையைத் தானே சொல்லும் நாட்டின் மேல் நம்பிக்கை கூடுகிறது என்று நான் நினைக்கிறேன்.

கெட்ட செய்தியைக் கொரியா தாங்கிய விதத்தையும் தம்பி மகளிடமிருந்தே தெரிந்துகொண்டேன். 2024 டிசம்பர் 3 இரவு அங்கே அதிபர் ராணுவச் சட்டம் அறிவித்தார். சில மணி நேரத்தில் நாடாளுமன்றம் வாக்களித்து அதைத் தோற்கடித்தது. அடுத்த நாட்களில் குளிரில் தெருவுக்கு வந்த இளம் பெண்கள், பாட்டுக் கச்சேரியில் ஆட்டும் விளக்குக் கோல்களைத்தான் கையில் வைத்திருந்தார்கள். "பார் பெரியப்பா, இது எங்கள் கூட்டத்து லைட் ஸ்டிக்" என்று படத்தைக் காட்டினாள். 'எங்கள்' என்றாள். பிரெஞ்சு படித்த இத்தனை வருடத்தில் பாரிஸ் போராட்டம் எதையும் நான் 'எங்கள்' என்று சொன்னதில்லை.

ஆழம் எவ்வளவு என்று கேட்டால் தயக்கமாக இருக்கிறது. 'அப்பா', 'அம்மா' இரண்டு மொழியிலும் ஏறத்தாழ ஒன்று என்பதை வைத்துத் தமிழும் கொரியமும் அக்கா தங்கை என்கிறார்கள். மொழியியலாளர்கள் அதை ஏற்பதில்லை. ஆசை நல்லது, அதை வரலாறாக்க வேண்டாம். கதவு விஷயம் இன்னும் சிக்கல். கொரியா வெளிநாட்டுத் தொழிலாளர்களை எடுக்கும் அரசு ஏற்பாட்டில் இலங்கை, நேபாளம், வங்கதேசம் எல்லாம் இருக்கின்றன, இந்தியா இல்லை. கொழும்பில் கொரியன் வகுப்பில் உட்காருகிற பையனுக்கு அது வேலை. நம் பெண்ணுக்கு அது பிரியம் மட்டும்தான். படிக்கப் போகலாம்: 2027-க்குள் மூன்று லட்சம் வெளிநாட்டு மாணவர்கள் என்று 2023-ல் இலக்கு வைத்தார்கள்.

நம் மாநிலத்தில் கொரியாவின் முகம் தொடர் மட்டும் இல்லை என்பதையும் அவளிடம் சொன்னேன். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998-லிருந்து கார் செய்கிறது. ஆயிரக்கணக்கான வீடுகளில் அந்தச் சம்பளத்தில் அடுப்பு எரிகிறது. சுங்குவார்சத்திரத்தில் 2024 செப்டம்பரில் சாம்சங் தொழிலாளர்கள் சங்க அங்கீகாரம் கேட்டு ஒரு மாதத்துக்கு மேல் வெளியே உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பந்தலில் இருந்தவர் மகளும் அதே தொடரைத்தான் பார்த்திருப்பாள். தொடர் சேர்த்துக் கொடுத்த பிரியத்தைத் தொழிற்சாலை வாசல் செலவழித்துவிடலாம். கொரியா இதைக் கவனிக்க வேண்டும்.

இப்போது சிங்கப்பூர். கடலூர் பக்கம் கிராமத்தில் சிங்கப்பூருக்கு வாசனை உண்டு: கோடாலித் தைலம். எங்கள் தெருவில் சிங்கப்பூரிலிருந்து யாராவது வந்து பெட்டி பிரிக்கிற நாளில் முதலில் வெளியே வருவது அந்தப் பச்சை எண்ணெய்க் குப்பிதான். பெரியவர்களுக்கு ஆளுக்கொன்று, பக்கத்து வீட்டுக்கு ஒன்று, கோயில் பூசாரிக்கு ஒன்று. சாக்லேட்டெல்லாம் அப்புறம். தலைவலியோ சளியோ, பாட்டி மாடத்திலிருந்து எடுத்து நெற்றியில் தேய்ப்பது 1928-ல் அங்கே தொடங்கிய ஒரு கம்பெனியின் சரக்கு. எந்த அரசாங்கமும் இதைத் திட்டமிடவில்லை. சிங்கப்பூர் சுற்றுலாத் துறை 2004-ல் 'யூனிக்லி சிங்கப்பூர்' என்றது, 2010-ல் 'யுவர் சிங்கப்பூர்', 2017-ல் 'பேஷன் மேட் பாசிபிள்'. இந்த மூன்றில் ஒன்றைக்கூட எங்கள் தெருவில் யாரும் கேள்விப்பட்டதில்லை.

அவர்களுக்குத் தெரிந்தது வேறு. நோட்டில் தமிழ் இருக்கிறது. ரயில் நிலையத்தில் தமிழ் அறிவிப்பு கேட்கிறது. தமிழ் அங்கே ஆட்சி மொழி நான்கில் ஒன்று. டெஸ்ட் அடித்து, அதாவது அந்த ஊர் வேலைக்கான திறன் தேர்வில் தேறிப் போன பையன், ஏஜெண்டுக்குக் கட்டிய கடனை இரண்டு வருடத்தில் அடைத்துவிட்டு, மூன்றாவது வருடம் ஓட்டு வீட்டைத் தளம் போட்டான். படியேறி மொட்டை மாடிக்குப் போனால் அந்த நாடு காலுக்குக் கீழே தெரிகிறது. மூன்று நாடுகளில் கதவு அகலமாக இருப்பது இதற்குத்தான், அதுவும் பட்டம் இல்லாதவனுக்கு.

அந்தக் கதவுக்குப் பின்னால் என்ன என்பதையும் மறைக்கக் கூடாது. 2013 டிசம்பரில் லிட்டில் இந்தியாவில் தமிழ்நாட்டுத் தொழிலாளி ஒருவர் பஸ்ஸில் அடிபட்டு இறந்தபின் கலவரம் வெடித்தது. 2020 கொரோனாவில் அங்கே தொற்றியவர்களில் மிகப் பெரும்பாலோர் விடுதிகளில் நெருக்கியடித்துத் தங்கியிருந்த வெளிநாட்டுத் தொழிலாளர்கள். எங்கள் தெருப் பையன் ஒருவன் பல வாரம் அறையை விட்டு வெளியே வரவில்லை. அவன் அம்மா தினமும் ராத்திரி போனைக் கையில் வைத்தபடியே தூங்கினாள். ஆனாலும் அடுத்த வருடம் தம்பியையும் அனுப்பினார்கள். சிங்கப்பூரின் பெயர் அதையும் தாங்கியது. வேறு வழி இல்லாததாலும் தாங்கியது என்று நான் எழுதித்தான் ஆக வேண்டும்.

பிரிட்டனைச் சேர்க்காவிட்டால் கடலூர்க்காரனாக எனக்குக் குறை. தேவனாம்பட்டினத்தில் செயின்ட் டேவிட் கோட்டையை 1690-ல் வாங்கியபோது, பீரங்கிக் குண்டு விழுந்த தூரம்வரை தங்கள் எல்லை என்று வைத்துக்கொண்டார்கள். குண்டு உப்பலவாடி என்ற ஊர்ப் பெயர் இன்றும் அதைச் சொல்கிறது. 1746-ல் சென்னையைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்ததும் தலைமையிடமே இங்கே வந்தது. இன்று அந்தக் கோட்டையில் மிச்சம் சில சுவர்கள். பிரிட்டன் கடலூரில் ஒரு செங்கல்லையும் காக்கவில்லை. ஆனாலும் எங்கள் ஊரில் ஆங்கிலம் வேண்டாம் என்பவர் ஒருவர் இல்லை. மொழி வேரூன்றிவிட்டது, நாட்டின் மேல் பாசம் ஒட்டவில்லை. முக்கால் மணி நேரத் தூரத்தில் புதுச்சேரியில் பிரெஞ்சு மொழி மெலிந்துவிட்டது, பாசம் இருக்கிறது.

ஜப்பான் இன்னொரு வழி: கடனாகப் பணம் கொடுத்து வேலையை முடித்துக் காட்டுவது. சென்னை மெட்ரோவில் ஏறுகிற எத்தனை பேருக்கு அது ஜப்பான் கடனில் வந்தது என்று தெரியும்? அமைதியான வழி, எனக்குப் பிடிக்கும், ஆனால் பெயர் நிற்கவில்லை. 2013-ல் 'கூல் ஜப்பான்' என்று நிதியம் தொடங்கிப் பெயர் வாங்கப் பார்த்தார்கள். அது பெரிய நஷ்டத்தில் போனது. சீனா 2004 முதல் சீன மொழி கற்பிக்கும் கன்ஃபூசியஸ் நிறுவனங்களை உலகமெங்கும் திறந்தது. பல்கலைக்கழகங்களுக்குள் அரசின் கை நீள்கிறது என்ற சந்தேகத்தில் ஸ்வீடன் 2020-க்குள் எல்லாவற்றையும் மூடிவிட்டது.

நம்மைப் பற்றியும் ஒரு வார்த்தை. புதுச்சேரி தன்னை விற்பது 'கிவ் டைம் எ பிரேக்' என்று. படம் எல்லாம் மஞ்சள் சுவர், வெள்ளைத் தூண், காகிதப்பூக் கொடி. வொயிட் டவுனைப் பிரிக்கும் கால்வாய்க்கு இந்தப் பக்கம் திண்ணையும் தாழ்வாரமும் வைத்த தமிழ் வீடுகள் இடிந்துகொண்டிருந்தன. வைசியாள் வீதியில் அவற்றைச் சீர்செய்ய ஐரோப்பிய ஒன்றியம் பணம் கொடுத்து, பழைய கட்டடங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பு செய்து முடித்தது. 2008-ல் யுனெஸ்கோ விருது கிடைத்தது. அந்த வீதிக்கு எத்தனை பயணிகளை ஆட்டோக்காரர் அழைத்துப் போகிறார்? பிரான்ஸின் பெயரை விற்றுப் பிழைக்கிற ஊர், தன் பெயரைச் சொல்லக் கூச்சப்படுவது எனக்கு வலிக்கிறது.

இனி என் தீர்ப்பு. எண்ணிக்கையில் கொரியா. கதவில் சிங்கப்பூர். ஆழத்தில் பிரான்ஸ், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நம் ஓலைக்கு எண்ணெய் தடவுகிற வேலையை எழுபது வருடமாக நிறுத்தாமல் செய்கிற நாட்டுக்குத்தான் நான் முதல் இடம் கொடுப்பேன். கொரியா அந்த அளவு பொறுமையோடு இங்கே ஒன்றைக் கட்டினால் என் கணக்கு மாறும். பிரான்ஸ் பாகூர்ப் பெண்ணுக்கும் வாசலைத் திறந்தால் போட்டியே இருக்காது.

தம்பி மகளிடம் இதைத்தான் சொன்னேன்: பிரெஞ்சு படி, மேற்படிப்புக்கும் இந்த ஊர்க் காகிதங்களுக்கும் அது வேண்டும், என் மேசை உனக்குக் காத்திருக்கிறது. கொரியனை விடமாட்டேன் என்றாள். விட வேண்டாம் என்றேன். தம்பிதான் முணுமுணுத்தான், சிங்கப்பூர் மாமாவுக்குப் போன் போட்டுச் சொல்லியும்விட்டான். அடுத்த வாரம் பிரெஞ்சு வகுப்புக்கு முதல் தவணையைக் கட்டிவிட்டு அவளை அலுவலகத்துக்குக் கூட்டிப்போனேன். 1920-களின் அந்தப் பிறப்புப் பதிவின் ஜெராக்ஸ் கோப்பில் இருந்தது. பிரெஞ்சு வரிகளை விட்டுவிட்டு நேராகக் கீழே போனாள், சாட்சியின் தமிழ்க் கையெழுத்தை எழுத்துக்கூட்டிப் படித்தாள்.